பண்டத்தரிப்புச் சந்தியிலே ஒரு கொட்டையெழுத்து

எழுத்துப் பெரிதாயிருந்தால் எவரும் எளிதில் வாசித்துவிடுவர் என்பது நம்மிற் பலருக்கு உள்ள நம்பிக்கை. நாமும் அண்மைக்காலம் வரை அவ்வாறே நம்பியிருந்தோம். ஒருநாட் காலை பண்டத்தரிப்புச் சந்தியிலே நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்று அந்நம்பிக்கையை எம்மிடமிருந்து பறித்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய் ஆகிய ஊர்களைக் கடந்து வந்த பேருந்திலிருந்து இறங்கி நின்றோம். மணி எட்டைத் தாண்டி இருபது நிமிடம் ஆகியிருந்தது. எதிரே ஒரு மதிற்சுவர்; அதன்மேல் புதிதாக ஒட்டப்பட்ட மரண அறிவித்தல் ஒன்று. வட்டமும் சதுரமுமாகத் திரண்டு நின்ற அதன் தடித்த எழுத்துக்கள் தூரத்திலிருந்தே கண்ணை இழுத்தன. அச்சுவரின் முன்னே, எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மறுபடி மாட்டுவதுமாக நின்றுகொண்டிருந்தார். எம்மைக் கண்டதும், "தம்பி, உதிலை எத்தினை மணியெண்டு போட்டிருக்கு? எழுத்துப் பெரிசாத்தான் கிடக்கு, வாசிக்கத்தான் ஏலாமக் கிடக்கு" என்றார்.

நாம் விடையளிக்கு முன்னரே, சைக்கிளிற் சென்ற பாடசாலை மாணவன் ஒருவன் காலை ஊன்றி நின்று, "பின்னேரம் மூண்டு மணி, ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். மூதாட்டியாரும் வீடு திரும்பத் தலைப்பட்டார். எமக்கு மட்டும் ஓர் ஐயம். சுவரருகே சென்று உற்று நோக்கினோம். அங்கே இருந்தது 'பிற்பகல் 3' அன்று, 'முற்பகல் 9'. முற்பகல், பிற்பகல் என்னும் இரு சொற்களும் முதலெழுத்து ஒன்றாலேயே வேறுபடுவன. அம்முதலெழுத்தோ இடைவெளியெல்லாம் அடைபட்டு ஒரு கருங்கட்டியாக நின்றது. 9 என்னும் இலக்கத்தின் கண்ணும் மூடிப்போய், சற்று எட்டி நின்றால் 3 எனவே தோன்றியது.

செய்தியைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ தம்பி, நானும் அவவும் அரிவரியிலையிருந்து ஒண்டாய்ப் படிச்சனாங்கள். பின்னேரம் வந்திருந்தால் முகத்தையும் பாத்திருக்க மாட்டனே!" என்றார். அவரை ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தோம். வண்டி சென்ற பின்னரும் அச்சுவரின் முன்னே நெடுநேரம் நின்றோம். அரிவரி வகுப்பிலே ஒன்றாக எழுத்துக் கற்ற இருவருள், ஒருவரது இறுதிச் செய்தியை மற்றவர் வாசிக்க இயலாதபடி செய்தது எது? எழுத்தின் சிறுமையன்று, அதன் பருமையே. ஆகவே இவ்வாரம் நேயர்களுடன் சேர்ந்து இந்தக் 'கொட்டையெழுத்து' என்பதனைச் சற்றே ஆராய விரும்புகின்றோம்.

கூப்பிடும் எழுத்து

அச்செழுத்துக்கள் இரு தொழில் புரிவன. ஒருவகை எழுத்து நம்முடன் அமர்ந்து பேசுவது. நூலிலும் பத்திரிகையிலும் பக்கம் பக்கமாக நாம் வாசிப்பது அதுவே. மற்றொருவகை எழுத்து தெருவிலே நின்று கூப்பிடுவது. தலைப்பு, சுவரொட்டி, கடைப் பெயர்ப்பலகை, பேருந்தின் நெற்றி ஆகியவற்றிலே அது வாழ்கின்றது. இரண்டாவதனையே நம்மவர் கொட்டையெழுத்து என்று பொருத்தமாகப் பெயரிட்டனர்.

அச்சுக்கலைஞர் எழுத்தின் அளவைப் 'புள்ளி' என்னும் அலகாற் கணிப்பர். ஏறக்குறைய 72 புள்ளி சேர்ந்தால் ஓர் அங்குலம். நூல்களுக்கு 10, 12 புள்ளி எழுத்துப் போதும். சுவரொட்டிக்கோ அங்குலக்கணக்கில் வேண்டும். அவ்வளவு பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் பாரம் மிகும். உலோகம் சீராக ஆறாமையால் முகமும் சமமாக அமையாது. ஆதலின் மரத்திலே எழுத்து வெட்டினர். அமெரிக்காவில் நியூயோர்க் நகரத்து டேரியஸ் வெல்ஸ் என்பார் 1827 ஆம் ஆண்டிலே மரவெழுத்துக்களை இயந்திர உதவியால் ஏராளமாகச் செய்யும் முறையைத் தொடக்கிவைத்தார். அதன்பின் ஊர்தோறும் சுவர்கள் பேசத் தொடங்கின.

அக்காலத்து ஆங்கிலக் கொட்டையெழுத்துக்கள் அலங்காரம் மிகுந்தவை. கோடுகளின் முனையிலே சிறு பாதங்கள் உடையவை. அப்பாதங்களை நீக்கிய எழுத்தொன்றை 1816 ஆம் ஆண்டிலே இலண்டனில் நான்காம் வில்லியம் கஸ்லன் தமது மாதிரி நூலில் வெளியிட்டார். நூறாண்டு கழிந்து 1916 இல் எட்வேட் ஜோன்ஸ்டன் இலண்டன் சுரங்க ரயிற் பாதைக்கென ஓரெழுத்து வரைந்தார். நெரிசலிலே ஓடுகின்ற பிரயாணி ஒரு பார்வையில் வாசித்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1927 இல் ஜெர்மனியிலே போல் ரென்னர் என்பவர் வட்டம், சதுரம், முக்கோணம் ஆகிய வடிவங்களை அடியாகக் கொண்டு 'பியூச்சுரா' என்னும் எழுத்தை ஆக்கி அளித்தார். கேத்திரகணித வடிவெழுத்துக்களுக்கு இன்றும் அதுவே முன்மாதிரி. 1969 இல் மனிதன் முதன்முதற் சந்திரனிற் கால்வைத்தபோது அங்கே விட்டுவந்த உலோகப் பட்டயத்தில் உள்ளதும் இவ்வெழுத்தே.

இவ்வெழுத்துக்களிலே ஒரு வியப்பு உண்டு. கவராயத்தால் வரைந்த வட்டம் எழுத்தாகும்போது வட்டமாகத் தோன்றாது. ஒரே உயரத்தில் வட்டத்தையும் சதுரத்தையும் அருகருகே வைத்தால் வட்டமே சிறிதாகத் தெரியும். ஒரே தடிப்புள்ள கோட்டைக் கிடையாக வைத்தால், நிமிர்த்தி வைத்ததைவிடப் பருத்துத் தோன்றும். இரு கோடுகள் சந்திக்கும் மூலையிலே கருமை திரண்டு நிற்கும். எனவே திறமைசாலியான ஓவியன் வட்டத்தை வரம்பிற்குச் சற்று வெளியே தள்ளுவான். கிடைக்கோட்டைச் சிறிது மெலிவிப்பான். மூலையை உட்புறம் செதுக்குவான். பார்ப்பவருக்கு வெறுங் கணிதமாகத் தோன்றுவது, உண்மையில் கணிதத்திலிருந்து நுட்பமாக விலகியதன் பயனாகும். கண்ணுக்கு இடங்கொடுத்த பின்னரே கணிதத்திற்கு இடம்.

ஆனைக்கோட்டை முதல் மானிப்பாய் வரை

இக்கேத்திரகணிதம் மேனாட்டாரின் புதுச்சரக்கு என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்டத்தரிப்புக்கு வரும் வழியிலேயே அதன் சான்று உண்டு. ஆனைக்கோட்டையிலே 1980 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில், பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றிலிருந்து முத்திரை ஒன்று வெளிப்பட்டது. அதிலே பொறித்திருந்த பிராமி எழுத்துக்களைக் 'கோவேத' என அறிஞர் வாசித்தனர். பிராமியிலே ககரம் குறுக்கும் நெடுக்குமான இரு கோடு. வகரம் ஒரு வட்டமும் அதன்மேல் நிற்கும் ஒரு நேர்கோடும். கோடும் வட்டமுமே நம் எழுத்தின் பிள்ளைப்பருவம் எனலாம்.

பின்னர் வந்தது பனையோலைக் காலம். குடாநாட்டாருக்குப் பனையைப்பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரும்பெழுத்தாணியாற் கீறுங்காற் கோடு எங்கும் ஒரே தடிப்பாக ஓடும். இறகுப் பேனாவினால் எழுதிய மேனாட்டாருக்கு இயல்பாக அமைந்த 'தடிப்பு, மெலிவு' என்னும் வேறுபாடு நம் ஏட்டெழுத்தில் இல்லை. ஆகவே ஒரே சீரான கோடுடைய கேத்திரகணித எழுத்து தமிழுக்கு அந்நியமானதன்று. அந்நியமானது அதன் பருமன் மாத்திரமே. ஓலையிலே பெரும்பாலும் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுவதில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்க; அதன் பயன் பின்னர் விளங்கும்.

தமிழ் அச்சேறிய வரலாறோ எழுத்தைச் சிறிதாக்கிய வரலாறாகவே உள்ளது. 1578 இல் கொல்லத்திலே அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கமே உடைய சிறு நூல். 1713 இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரியனவாய் இருந்தன. அவற்றைக்கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிடின் காகிதம் கட்டாது. ஆகவே இங்கிலாந்திலிருந்து வந்த பாற்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டை உருக்கிச் சிற்றெழுத்து வார்த்தனர் என்பர். காகிதம் அரிதான உலகில் சிறிய எழுத்தே சிறந்த எழுத்தாகக் கருதப்பட்டது.

பண்டத்தரிப்புக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் யோன் ஸ்கடர் 1820 இல் இவ்வூரில் வந்து தங்கினார். அதே ஆண்டிலே அம்மிஷனுக்கென ஜேம்ஸ் காரெட் என்னும் அச்சாளரும் இலங்கை வந்தார். ஆனால் அப்போதைய பதில் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் அவர் இங்கே தங்குவதற்கு அனுமதி அளிக்கவில்லை. காரெட் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் அளவிற் கழிந்த பின்னரே, ஈஸ்ட்மன் மைனர் என்னும் அச்சாளரின் வருகையால், மானிப்பாயில் மிஷன் அச்சுக்கூடம் தொழிற்படலாயிற்று. 1841 இல் 'உதயதாரகை'ப் பத்திரிகையும், 1842 இல் ஏறக்குறைய 58,500 சொற்களைக் கொண்டதாய் 'மானிப்பாய் அகராதி' எனப் பெயர்பெற்ற அகராதியும் வெளிவந்தன. 1849 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். ஓர் அச்சாளர் நாட்டிற்குள் வருவதா இல்லையா என்பதே ஆட்சியாளரின் கவலையாயிருந்த காலம் அது. எழுத்தைப் பலர் பார்க்கச் செய்வது சிறிய செயலன்று என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

எட்டெழுத்திலே ஒரு பரீட்சை

தமிழிலே கொட்டையெழுத்து வரைவது ஏன் கடினம் என்பதை விளக்க வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. 'பண்டத்தரிப்பு' என்னும் ஊர்ப்பெயரே போதும். எட்டெழுத்துக் கொண்ட இப்பெயரினுள் தமிழெழுத்தின் எளிமையும் அருமையும் ஒருங்கே அடங்கியுள்ளன.

முதலெழுத்தாகிய 'ப' மேற்புறம் திறந்த ஒரு பெட்டி. இரு நிமிர்கோடு, ஒரு கிடைக்கோடு. அளவுகோல் ஒன்றிருந்தாற் சிறுவனும் வரைவான். மூன்றாவதாகிய 'ட' அதனினும் எளிது. ஒரு நேர்கோணம் அன்றி வேறில்லை. ஆயினும் அதன் வலப்பக்கம் வெறுமையாதலால், கொட்டையெழுத்தாக்கும்போது சொல்லின் நடுவே ஒரு பள்ளம் விழும். பல் விழுந்த வாய்போலத் தோன்றும் அவ்விடத்தை ஈடுசெய்ய, அடுத்த எழுத்தை நெருக்கி வைத்தல் வேண்டும்.

அவ்விரண்டினிடையே நிற்கின்றது மூன்று சுழி 'ண்'. இங்கேதான் ஓவியனின் திறமை சோதிக்கப்படுகின்றது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுத்தின் உயரம் 10 பங்கு. கோட்டின் தடிப்பு 2 பங்கு என்று கொள்வோம். 'ப' வின் நடுவே இடமிருந்து வலமாகச் சென்றால் இரண்டு கோடுகளையே கடப்போம். கருமை 4 பங்கு. இடையில் வெண்மை 4 பங்கு விட்டாலும் எழுத்தின் அகலம் 8 பங்கில் அடங்கும். 'ண' விலோ ஏறக்குறைய ஐந்து கோடுகளைக் கடத்தல் வேண்டும். கருமை மாத்திரமே 10 பங்கு ஆகிவிடும். இடையிலுள்ள நான்கு வெளிகளுக்கும் ஒன்றரைப் பங்காவது விட்டால் அகலம் 16 பங்கு. 'ப' வைப்போல் இருமடங்கு! அகலத்தைக் குறைக்க விரும்பி வெளியைச் சுருக்கினால் கண்கள் மூடிக்கொள்ளும். 'ண' வும் 'ன' வும் வேறுபாடற்றுப்போம். ஆகவே வெளிக்கோடு இரண்டையும் தடிப்பாக விட்டு, உள்ளே உள்ள மூன்றையும் ஒன்றரைப் பங்காக மெலிவிப்பதே வழி. அப்போது அகலம் பதினாலரைப் பங்காகக் குறையும். கண்களும் திறந்தே இருக்கும். பார்ப்பவரோ எல்லாக் கோடும் ஒரே தடிப்பு என்றே நினைப்பர்.

அடுத்து 'ரி'. ரகரமும் நெட்டெழுத்தின் காலும் உடன்பிறந்தார் போல்வன. ரகரத்தின் அடியிலே சாய்ந்து இறங்கும் சிறு கீற்று ஒன்றே அவற்றை வேறுபடுத்துவது. தடித்த எழுத்திலே அக்கீற்றுக்கு இடமில்லையென்று வெட்டிவிட்டால், ரகரம் காலாக மாறிவிடும். கணினியிலே தட்டச்சுச் செய்வோரும் ரகரத்திற்குப் பதிலாகக் காலையிட்டு அதன்மேல் விசிறியை மாட்டிவிடுவதை நாம் அன்றாடம் காண்கின்றோம்.

இனி மேலும் கீழும் பாருங்கள். 'ண்', 'த்', 'ப்' என்னும் மூன்று மெய்களின் புள்ளிகளும் 'ரி' யின் வளைவும் தலைக்கு மேலே எழுகின்றன. தகரத்தின் வாலும் 'பு' வின் இறங்குகோடும் அடிக்குக் கீழே செல்கின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்துக்களுக்கு இவ்விரு தேவையும் இல்லை. எனவே மும்மொழிப் பெயர்ப்பலகை ஒன்றிலே மூன்று வரிக்கும் ஒரே உயரம் ஒதுக்கினால், ஆங்கில எழுத்து அவ்வுயரம் முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். தமிழெழுத்தின் உடலுக்கோ அதில் ஏறத்தாழ அரைப்பங்கே எஞ்சும். நம் எழுத்து மெலிந்து தோன்றுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். சம உயரம் அளிப்பதனாற் சம இடம் அளித்ததாகாது. இடம் போதாதபோது முதற் பலியாவது புள்ளியே. புள்ளி போனால் ஊர்ப்பெயர் 'பணடததரிபபு' ஆகும். ஓலைக்காலத்து வாசகர் பயிற்சியினால் அதனைச் சரியாக வாசித்திருப்பர். பேருந்தில் விரைந்து செல்லும் வெளியூரார் என் செய்வர்?

ஆங்கில ஓவியனுக்கு 26 பெரிய எழுத்தும் இலக்கங்களும் வரைந்தாற் சுவரொட்டி வேலை முடிந்துவிடும். தமிழிலே உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, இகர ஈகார வரிசை 36, உகர ஊகார வரிசை 36, தனியே நிற்கும் குறிகள் 4. ஆக 125 வடிவங்கள். கிரந்த எழுத்தை நாம் இதிற் சேர்க்கவில்லை. ஒரு தடிப்புக்கு இத்தனை என்றால், மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மூன்று தடிப்புக்கு எத்தனை என்பதை நேயர்களே கணித்துக்கொள்ளலாம். தமிழ்க் கொட்டையெழுத்துக்கள் எண்ணிக்கையிற் குறைந்திருந்தமைக்கு இவ்வுழைப்பின் பெருக்கமும் ஒரு காரணம்.

கணினியின் குறுக்குவழி

அச்சுக்கோப்பாளர் இருந்த காலத்திலே பெட்டியில் இல்லாத எழுத்தை எவரும் அச்சிட முடியாது. தடித்த எழுத்து வேண்டுமாயின் தடிப்பாக வெட்டிய எழுத்து இருத்தல் வேண்டும். இன்று அத்தடை இல்லை. கணினியில் 'தடிப்பாக்கு' என்னும் பொத்தானை அழுத்தியதும் எந்த எழுத்தும் பருத்துவிடுகின்றது. அவ்வெழுத்துருவுக்கெனத் தனியே வரைந்த தடித்த வடிவம் இருந்தால் நன்று. இல்லையேல், கணினி தன் போக்கில் மெல்லிய எழுத்தைச் சுற்றிலும் மை பூசி விடும். வெளிப்புறத்தைப்போல உட்புறமும் வீங்கும். உட்புறம் வீங்கினாற் கண் மூடும். அதன்மேல் இடத்தை நிரப்பவென்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பாரும் உளர். சந்தியிலே நாம் கண்ட அறிவித்தலுக்கு நேர்ந்தது இதுவே எனக் கருதுகின்றோம். அது பருத்த எழுத்தன்று, வீங்கிய எழுத்து.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. அண்மைக் காலத்திலே தமிழுக்கெனத் தடிப்பாகவே வரைந்த எழுத்துருக்கள் பல வெளிவந்துள்ளன. கொழும்பிலுள்ள 'மூனியாக்' என்னும் எழுத்துருக் குழுவினர், மதில்களில் வர்ணம் பூசி எழுதப்படும் 'விளம்பரம் ஒட்டாதீர்' என்னும் வாசகத்தின் ஆங்கில வடிவையே பெயராகக் கொண்டு 'போஸ்ட் நோ பில்ஸ்' என ஓர் எழுத்துருவை ஆக்கினர். அதன் சிங்கள வடிவுக்குக் கொழும்பின் பெயரும், தமிழ் வடிவுக்கு யாழ்ப்பாணத்தின் பெயரும் சூட்டப்பட்டுள்ளன. இது 'ஸ்டென்சில்' என்னும் வெட்டுத்தகட்டு முறையைத் தழுவியது. தகட்டிலே எழுத்தை வெட்டும்போது நடுக்கண் விழுந்துவிடாதிருக்க இடையிடையே சிறு பாலம் விடுவர். கோடு அங்கங்கே அறுபட்டு நிற்கும். சுழிகள் மலிந்த தமிழுக்கு இப்பாலங்கள் காற்றோட்டம் தரும் சாளரங்களாகவும் அமைகின்றன.

பிரியா ரவிச்சந்திரன் வரைந்த 'கட்டமரான்' எழுத்துரு, நம் கட்டுமரத்தின் பெயரைத் தாங்கியது. மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகள் கொண்டது. மும்பாய் 'ஏக் டைப்' குழுவினரின் 'பலூ தம்பி', உருண்டு திரண்ட கோடுகளுடன் குழந்தைகளின் நூலுக்கும் பலகாரக் கடைக்கும் ஏற்ற முகமலர்ச்சி உடையது. இவை மூன்றும் எவரும் விலையின்றிப் பெறத்தக்கவை. ஆகவே நல்லெழுத்துக்குச் செலவு மிகும் என்னும் சாட்டு இனிச் செல்லாது.

எங்கே உரப்புவது, எங்கே பேசுவது

நல்ல எழுத்துருவைத் தேர்ந்தாலும் அதனை இடமறிந்து பயன்படுத்தல் வேண்டும். கொட்டையெழுத்து உரத்த குரல் போன்றது. கோயிலின் பெயரைத் திருவிழா விஞ்ஞாபனத்தின் தலைப்பிலே கொட்டையெழுத்தில் இடலாம். பதினைந்து நாள் உற்சவ விபரத்தையும் அவ்வெழுத்திலேயே இட்டால், அது எல்லாரும் ஒரே நேரத்தில் உரப்பிப் பேசும் சபையாகிவிடும். கடையின் பெயர், ஊரின் பெயர், நாடகத்தின் பெயர், 'அவதானம்' என்னும் எச்சரிக்கை: இவை கொட்டையெழுத்துக்கு உரியவை. நாளும் நேரமும் இடமும் தெளிவான நடுத்தர எழுத்துக்கு உரியவை. மரண அறிவித்தலிலோ உரத்த குரலே பொருந்தாது. துக்க வீட்டு வாயிலில் நின்று எவரும் கூவுவதில்லையன்றோ?

நம் வீடுகளிலே திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, முப்பத்தோராம் நாட் கிரியை என்று ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்றை அச்சிடக் கொடுக்கின்றோம். அச்சகத்தார் மாதிரிப் பிரதியைக் காட்டும்போது எழுத்துப் பிழை பார்ப்பதுடன் நாம் நின்றுவிடுகின்றோம். அதனோடு மூன்று சோதனைகளையும் செய்து பார்க்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

முதலாவது, பிரதியைச் சுவரிலே மாட்டிப் பத்தடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எழுத்து எழுத்தாகத் தெரிகின்றதா, கருங்கட்டியாகத் தெரிகின்றதா என்பது அப்போது புலப்படும்.

இரண்டாவது, 'ண', 'ன', 'ழ', 'ஞ' ஆகிய எழுத்துக்களின் கண்களும், 6, 8, 9 என்னும் இலக்கங்களின் கண்களும் திறந்திருக்கின்றனவா, மெய்யெழுத்தின் புள்ளிகள் தனித்து நிற்கின்றனவா என்று நோக்குங்கள்.

மூன்றாவது, விடயத்தை முன்னரே அறியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள வயோதிபர் மிகப் பொருத்தமானவர். எழுதியவருக்கு விடயம் தெரியுமாதலால் அவர் கண் எழுத்தை வாசிப்பதில்லை, நினைவையே வாசிக்கின்றது. அறியாதவர் கண்ணே உண்மையான தராசு.

இவற்றிற்கு ஐந்து நிமிடமும் செல்லாது. ஆயினும் அவ்வைந்து நிமிடத்தாற் பயன்பெறுவோர் நம் கண்முன்னே இல்லாதவர். என்றோ ஒருநாள் ஏதோ ஒரு சுவரின் முன் வந்து நிற்கப்போகின்றவர்.

அன்று மாலை வீடு திரும்புமுன் அச்சந்தியை மறுபடி ஒருமுறை பார்த்தோம். பழைய கடையொன்றின் பெயர்ப்பலகையிலே, எக்காலத்திலோ ஓர் ஓவியர் தூரிகையால் எழுதிய 'பண்டத்தரிப்பு' என்னும் சொல் வர்ணம் மங்கி நின்றது. எழுத்துக்கள் தடித்தவைதாம், பெரியவைதாம். ஆனால் ணகரத்தின் மூன்று சுழியும் விழித்திருந்தன. மூன்று புள்ளிகளும் தத்தம் இடத்தில் இருந்தன. வீதியின் மறுபக்கத்தில் நின்றே வாசிக்க முடிந்தது. எதிர்ச்சுவரிலே காலை கண்ட அறிவித்தலும் இருந்தது. அதன் நேரம் கடந்துபோய்விட்டது. மூதாட்டியார் உரிய வேளைக்குச் சென்று தம் தோழியின் முகத்தைக் கண்டிருப்பார் என்றே நம்புகின்றோம். அச்சுவரைக் கடந்து, அருகே சென்று பார்க்க எவருமின்றிச் சென்றவர் வேறு எத்தனை பேரோ!